முதுகு பார்க்கும் உத்தியோகம்

கலைக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சுவரில் தொங்குவதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அது நியாயம். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் நாள் முழுக்க எதைப் பார்க்கிறார் என்று ஒருவராவது கேட்டதுண்டா? படத்தை இல்லை. அதை முதல் வாரத்திலேயே பார்த்து முடித்தாயிற்று. அவர் பார்ப்பது முதுகு. காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் மூடும் வரை வெறும் முதுகு.

இரண்டாம் மாடிக் கூடத்தைக் காவல் காத்தவளுக்கு நாற்காலிக்காரி என்று பெயர் வைத்தது மூன்றாம் மாடிக் காவல்காரர். பதிலுக்கு அவள் அவருக்குக் கொட்டாவி என்று வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கல்லூரிக்குப் போகும் மகளும், பள்ளி வேன் ஓட்டும் வீட்டுக்காரரும் உள்ள பெண்மணி அவள். கருப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, கருப்பு ஷூ. ஷூ பளபளக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. அதற்காகப் பாலிஷ் டப்பாவையும் நிர்வாகமே கொடுத்தது. தொழிலாளிக்கு நிர்வாகம் தானாக முன்வந்து கொடுத்த ஒரே சாமான் அதுதான். வேலை நேரத்தில் படிக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, வரையக் கூடாது. படம் மாட்டுவதற்கென்றே கட்டிய இடத்தில் படம் வரையக் கூடாது என்று விதி எழுதியவர் அதைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறார், அதுதான் அவருடைய திறமை.

வரைய ஆரம்பித்தது தற்செயலாகத்தான். ஒரு சாயங்காலம் வீட்டில் தரை அழுக்காகாமலிருக்க, முடிந்துபோன கண்காட்சியின் போஸ்டர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஷூ துடைத்துக்கொண்டிருந்தாள். பாலிஷ் துணியைத் தாளில் ஓர் இழு இழுத்தாள். அன்று மத்தியானம் அவள் கூடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போன ஒரு கிழவரின் தோள்பட்டை அப்படியே வந்து உட்கார்ந்தது. சரி வந்தது வந்துவிட்டது என்று கழுத்தையும் போட்டாள். அன்றைக்கு ஷூ பாதியில் நின்றது.

அதற்கப்புறம் விடவில்லை. குப்பைக்குப் போகும் போஸ்டர்களைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். இஸ்திரி மேசைதான் வரையும் மேசை. கருப்பு பாலிஷ், பழுப்பு பாலிஷ், பழைய பனியன் துணி, கட்டை விரல். இவ்வளவுதான் சரக்கு. பகலில் முதுகைப் பார்த்து மனசில் ஏற்றிக்கொள்வாள், வீட்டுக்கு வந்து இறக்கி வைப்பாள். நிஜமாகவே படத்தைப் பார்க்கிறவருக்குத் தோள் தானாக இறங்கிவிடும். பார்ப்பதுபோல நடிக்கிறவருக்குக் கழுத்து விறைக்கும். சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடிக்கு நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். சாப்பாட்டை நினைப்பவர் காலை மாற்றி மாற்றி வைப்பார்.

வீட்டில் பாலிஷ் வாடை சுவரில் ஏறிவிட்டது.

"வீட்டுல எல்லார் ஷூவும் அழுக்கு, படம் மட்டும் பளபளன்னு இருக்கு," என்றாள் மகள்.

வீட்டுக்காரருக்கு வேறு குறை. வேனில் தினமும் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவள், அதிகம் வரைந்தது அவருடைய கழுத்தைத்தான். அவரோ ஒரு தடவைகூட அதைத் தன் கழுத்து என்று ஒத்துக்கொண்டதில்லை. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும்? கொட்டாவியும் அப்படித்தான். ஒருநாள் அவரை வரைந்து கொண்டுபோய்க் காட்டியபோது, யார் இந்தச் சோம்பேறி என்று கேட்டார். ஓய்வறையில் இருந்த மற்ற காவலர்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பாவம், அவருக்குக் கடைசிவரை எதற்கென்று புரியவில்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னதில்லை. ஊரார் படத்தையெல்லாம் இத்தனை காலம் காவல் காத்தாயிற்று; ஒரே ஒரு தடவை தன் பெயர் போட்ட அட்டையோடு ஒரு சுவர் வேண்டும். முழுச்சுவர். பக்கத்தில் இன்னொருத்தர் படம் இருக்கக் கூடாது. மகளிடம் மட்டும் ஒருமுறை வாய்தவறிச் சொன்னாள். மகள் அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைமேல் ஏறி, எல்லாப் படங்களையும் போட்டோ பிடித்தாள்.

பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றைச் சில கலைஞர்கள் சேர்ந்து எடுத்து, கண்காட்சிக் கூடமாக ஆக்கியிருந்தார்கள். வளரும் கலைஞர்களுக்கு அழைப்பு என்று அறிவிப்பு வந்திருந்தது. மகள் அதற்கு அனுப்பினாள்.

"வளரும் கலைஞரா?" என்றார் வீட்டுக்காரர். "இந்த வயசுல வளந்தா டாக்டர்கிட்டத்தான் போகணும்."

விண்ணப்பத்தில் கலைஞரின் கூற்று என்று ஓர் இடம் இருந்தது. மகள் மற்றவர்கள் எழுதியதை இணையத்தில் தேடிப் படித்துக் காட்டினாள். ஒருத்தர் இருத்தலின் விளிம்பைத் துழாவுகிறாராம். இன்னொருத்தர் வெளியைக் கட்டுடைக்கிறாராம். எல்லாரும் எதையாவது கேள்விக்கு உட்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"உன் படம் எதைம்மா கேள்வி கேக்குது?"

"ஒண்ணையும் கேக்கல. அது பாட்டுக்கு நின்னு பாத்துட்டிருக்கு."

மகள் அதையே எழுதி அனுப்பிவிட்டாள். தேர்வாகிவிட்டது. அந்த வருஷம் வந்த கூற்றுகளிலேயே மிக ஆழமானது அதுதான் என்று ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் பதில் போட்டிருந்தார்கள். கலை உலகம் இப்படித்தான். நேராகப் பேசினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று தோண்டுவார்கள்.

திறப்பு விழா அன்று கொட்டாவியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். என்ன உடுத்துவது என்று கேட்டதற்கு, கலைக்காரர்கள் எல்லாரும் கருப்புதான் போடுவார்கள் என்றாள் மகள். அப்படியென்றால் நான் எப்பவோ கலைக்காரிதான் என்று சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போடும் கருப்பு பேண்ட்டையே மாட்டினாள். மேலே கருப்புச் சட்டை. ஷூவை மட்டும் அன்றைக்கு ஒழுங்காகத் துடைத்திருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஐஸ் ஃபேக்டரியில் மற்ற கலைஞர்கள் ஆளுக்கொரு கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். இவளுக்கு அது வரவில்லை. கால் தானாக மூலைக்குப் போயிற்று. சுவருக்கு எதிர்ப்பக்கம், எல்லாம் கண்ணில் படுகிற இடம், கை இரண்டும் பின்னால். வேலைக்காரக் கால் அது, பழகின இடத்துக்குத்தான் போகும்.

மகள் இரண்டு தடவை வந்து இழுத்துப் பார்த்தாள். "அம்மா, முன்னாடி போய் நில்லு. உன் படம்."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

வந்தவர்கள் அவளையும் அந்த ஷூவையும் பார்த்ததும் இங்கே காவலுக்கு நிற்பவள் என்று புரிந்துகொண்டார்கள், தவறாக. ஒருத்தர் டாய்லெட் எங்கே என்று கேட்டார், காட்டினாள். ஒருத்தர் குடையைக் கொடுத்தார், வாங்கி வைத்துக்கொண்டாள். இன்னொருத்தர் இங்கே ஏசி இல்லையா என்று சத்தம் போட்டார். மேலிடத்தில் சொல்கிறேன் சார் என்றாள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்போது உயரமான ஓர் அம்மா வந்தார். கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. கனத்த பையால் ஒரு தோள் சாய்ந்திருந்தது. நேராக இவள் படங்களுக்கு எதிரே போய் நின்றார். தோள் இறங்கியது. நாற்காலிக்காரி அதைக் கவனித்தாள். இத்தனை வருஷம் இந்த அடையாளத்தைப் பார்த்திருக்கிறாள், எல்லாம் அடுத்தவர் படத்துக்கு முன்னால்.

அந்த அம்மா ஒரு படத்தை நெருங்கினார். இன்னும் நெருங்கினார். வாடை பிடிக்கிறார் என்று தெரிந்தது. ஷூ பாலிஷ் சீக்கிரம் காயாது, பட்டால் இழுத்துவிடும். மூக்கு தாளில் படுவதும், இவள் வாய் திறப்பதும் ஒன்றாக நடந்தன.

"தொடாதீங்க. ஒரு அடி தள்ளி நில்லுங்க."

கணீரென்று வந்தது குரல். கூடமே ஓர் அடி தள்ளி நின்றது. அந்த அம்மா திரும்பினார். மூக்கு நுனியில் கருப்பு. நாற்காலிக்காரிக்குப் பார்வையாளரின் தோற்றத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று பயிற்சி. ஆனால் மனசு கேட்கவில்லை.

"டாய்லெட் இடது பக்கங்க. அங்க கண்ணாடி இருக்கு."

"எனக்கு டாய்லெட் வேணாம். இதை வரஞ்சவங்க யாரு, இங்க இருக்காங்களா?"

பேச வேண்டிய இடம் இதுதான். நான்தான் என்று ஒரு சொல். இதற்காகத்தான் மகள் போட்டோ பிடித்தாள், இதற்காகத்தான் இவள் ஷிஃப்ட் மாற்றினாள். ஆனால் இந்தக் கேள்வியை அவளிடம் எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதில் நாக்கிலேயே தங்கிவிட்டது.

"தெரியாதுங்க. வரவேற்புல கேளுங்க."

அந்த அம்மா வரவேற்புக்குப் போனார். அங்கே ஒரே கூட்டம். வழியில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மூக்கில் கருப்போடு அவர் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இந்த உலகத்தில் மூக்கில் மை இருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று மரியாதையாக விட்டுவிடுவார்கள். ஒருவழியாக அவர் வரைந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி வருவதற்குள் மூடும் மணி அடித்தது.

மணி அடித்தால் நாற்காலிக்காரிக்கு வேறெதுவும் காதில் விழாது. கையை விரித்தாள்.

"நேரமாச்சு. எல்லாரும் வாசல் பக்கமா வாங்க. பையை எடுத்துக்குங்க. நன்றி, நன்றி."

ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல எல்லாரையும் வெளியே ஓட்டினாள். கலைஞர்களையும் ஓட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்த அந்த உயரமான அம்மாவை, நாளைக்கு வாங்க மேடம் என்று தனியாகக் கவனித்து ஓட்டினாள். கூடம் சுத்தமாகக் காலியானபோது அவளுக்கு ஒரு நிம்மதி. கதவு வரைக்கும் வந்தபிறகுதான் நினைவு வந்தது, இது நம் கூடம் இல்லையே என்று.

மறுநாள் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. வந்திருந்தது யார் தெரியுமா என்று கேட்டார்கள். பெரிய கேலரி நடத்துகிறவராம். புதுசாக ஒருவருக்குத் தனிக்காட்சி வைக்க ஆள் தேடுகிறாராம். அம்மாவைப் பார்க்க இரண்டு தடவை வந்தாராம், கோபத்தில் நம்பர்கூட வாங்காமல் போய்விட்டாராம். யாரோ ஒரு செக்யூரிட்டி விடவில்லையாம்.

மகள் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். கோபப்பட முயற்சி செய்தாள், முடியவில்லை. இருவரும் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. சுவர் கைக்கு வந்து போய்விட்டது. அதுவும் அவளே விரட்டி.

கேலரிக்கு மகள் மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. போன் செய்தாள். தாங்களாக அழைக்காமல் யார் படத்தையும் பார்ப்பதில்லை என்றது ஒரு குரல்.

வார விடுமுறை வந்தது. காலையில் வீட்டுக்காரர் வேன் கழுவப் போனதும் நாற்காலிக்காரி ஒரு போஸ்டரைக் கவிழ்த்துப் போட்டாள். அந்த அம்மாவின் முகம் அவளுக்குச் சரியாக நினைவில்லை, மூக்கு நுனியைத் தவிர. முதுகு இருந்தது. சாய்ந்த தோள், கொண்டையில் பென்சில், விரட்டப்பட்ட கோபத்தில் வேகமாகப் போன நடை, ஆனாலும் கழுத்து மட்டும் திரும்பிப் படத்தைப் பார்க்கத் துடித்தது. எல்லாவற்றையும் போட்டாள். ஒரு டப்பா காலி. வீட்டுக்காரர் வந்ததும், கேலரி வரை போகலாம் வாங்க என்றாள்.

"இந்தக் கருப்பு பேண்ட்டோடயா? மறுபடி டாய்லெட் எங்கேன்னு கேப்பாங்க."

"கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றேன்."

கேலரி வாசலில் மேசை போட்டு ஓர் உதவியாளப் பெண் இருந்தாள். படத்தை நேரில் வாங்குவதில்லை என்றாள், மகளிடம் போனில் பேசிய அதே குரலில். நாற்காலிக்காரி வாதாடவில்லை. தாளை மேசைமேல் விரித்தாள். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. எழுந்து உள்ளே ஓடினாள்.

கேலரிக்காரம்மா வந்தார். தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கு. என்ன ஒரு கோவம். யாரு இது?"

உதவியாளப் பெண் கூரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா சொல்லு."

"நீங்கதான் மேடம்."

"நானா? நான் இப்படியா நடக்குறேன்?"

"தினமும் இல்ல மேடம்."

கேலரிக்காரம்மா திரும்பி, படம் கொண்டுவந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். ஷூ வரை வந்து நின்றது பார்வை.

"நீங்க அந்த செக்யூரிட்டி."

"வரஞ்சவளும் நான்தாங்க. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். கேட்டதும் வாய் தன் பாட்டுக்கு வரவேற்புக்கு அனுப்பிருச்சு. மூக்கு சரியாப் போச்சுங்களா?"

"வீட்டுக்குப் போய்த்தான் கண்ணாடி பாத்தேன்," என்றார் கேலரிக்காரம்மா. "அன்னைக்கு முழுக்க ஒருத்தன் சொல்லல."

டீ வந்தது. பேச்சு நன்றாகப் போயிற்று. உள் அறையின் நீளச் சுவர் முழுக்க அவளுக்கே என்றார். பெயர் அட்டை பெரிதாக இருக்கும் என்றார். நாற்காலிக்காரிக்கு நம்ப முடியவில்லை. இத்தனை சுலபமா? சுலபம் இல்லை என்று உடனே தெரிந்தது.

கேலரிக்காரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு யோசனை சொன்னார். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் இவள், அதே யூனிஃபார்மில், காட்சி நடக்கும் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் படத்தையும் பார்ப்பார்கள், அவளையும் பார்ப்பார்கள். காவல்காரியே கலைஞர். பத்திரிகைக்காரர்கள் விட மாட்டார்கள்.

நாற்காலிக்காரி கோப்பையைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் சுவர் போய்விடும், அது அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கும் தெரிந்தது, அவர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நாற்காலில உக்கார்றது என் வேலைங்க. அதுக்கு எனக்கு ஒரு இடத்துல சம்பளம் வருது. உக்காரணும்னா சொல்லுங்க, தினக்கூலி பேசிக்கலாம், லீவு கெடைச்சா வர்றேன். ஆனா படம் வேற. படத்தைப் பாக்க வர்றவங்க படத்தைப் பாக்கட்டும். என்னையும் சேத்து மாட்டாதீங்க."

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். டீக்கு நன்றி சொன்னாள். கதவை நோக்கி நடந்தாள், அவசரமில்லாமல், விறைப்பாக. கூடம் மூடிய பிறகு நடக்கிற நடை அது. அவள் வாழ்க்கையில் அவள் முதுகை ஒருத்தர் இப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லுங்க. நாற்காலி வேணாம்."

அவள் திரும்பினாள்.

"உங்க முதுகு ரொம்ப சத்தமாப் பேசுது," என்றார் கேலரிக்காரம்மா. "அந்தத் தாளை இங்கயே வச்சிட்டுப் போங்க. அதுதான் நடுவுல. என் மூக்கு பட்ட படமும் வரணும். துடைக்காதீங்க."

தனிக்காட்சி திறந்த அன்று மகள் சாக்பீஸால் தரையில் ஒரு குறி போட்டாள். சுவரை ஒட்டி, படத்துக்குப் பக்கத்தில். இந்த இடத்தை விட்டு நகர்ந்தால் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். நாற்காலிக்காரி குறியின்மேல் நின்றாள். எங்கே இருப்பதென்று தெரியாமல் கை மட்டும் பழக்கத்தில் பின்னால் போயிற்று. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள் மகள்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவளுக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ மாறியிருந்தது. வெளிச்சம் காரணமா, கூட்டம் காரணமா? பிறகுதான் புரிந்தது. எல்லாருக்கும் முகம் இருந்தது.

சுவரோரம் நின்றால் படம் பார்க்கிறவரின் முகம்தான் தெரியும். இத்தனை வருஷமாக இதே ஆட்களை அந்தப் பக்கமிருந்து மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தோள் இறங்குகிற அந்த நொடியில் முன்பக்கம் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்போது பார்த்தாள். ஒருத்தர் வாய் லேசாகத் திறந்துகொண்டது. குழந்தையைத் தூக்கிவைத்திருந்த பெண், குழந்தை முடியைப் பிடித்து இழுப்பதுகூடத் தெரியாமல் நின்றாள். கொட்டாவி வந்திருந்தார். அவர்கூட அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. சோம்பேறியின் முதுகுக்கு எதிரே நின்று, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேன் அக்கா என்றார்.

கொஞ்சம் தள்ளி வீட்டுக்காரர் நின்றிருந்தார். வேனின் பின் சீட்டிலிருந்து வரைந்த கழுத்து அவருக்கு எதிரே தொங்கியது. மடிப்பு, மச்சம், காலரில் கிழிந்த நூல் எல்லாம் இருந்தது. அவர் அதை விட்டு நகரவில்லை. தோள் இறங்கியிருக்கும், அது அவளுக்கு இங்கிருந்து தெரியவில்லை. முகம் தெரிந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"யாரு இந்தக் கழுத்து?" என்றார். "பாவம், ரொம்ப உழைக்கிற ஆளு மாதிரி இருக்கு."

"தெரியாதுங்க," என்றாள் அவள், குறியை விட்டு நகராமல். "வரவேற்புல கேளுங்க."

மகள் ஓடிவந்து காதில் கேட்டாள், அம்மா, இனிமே முகம் வரையப் போறியா என்று.

"வரையலாம்," என்றாள் நாற்காலிக்காரி, கதவில் நுழைகிற அடுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டே. "பாலிஷ்தான் பத்தாது."

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல் இரண்டாம் மாடிக்கு வேலைக்குப் போனாள். நாற்காலியைத் தூக்கினாள். மூலையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம், படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று விதியில் எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.